தோட்டம் கேள்வி - பதில்: தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் குட்டி ஈக்கள்

மழை விட்டதும் ஒரே விஷயத்தைப் பற்றி வரிசையாகக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்காமல் இதை மட்டும் பேசிவிடலாம்.

அக்கா, தாம்பரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஹாலில் மணி பிளான்ட், பீஸ் லில்லி, பால்கனியில் கறிவேப்பிலை, துளசி என்று பதினைந்து தொட்டிகள். கார்த்திகை மழைக்கு அப்புறம் குட்டிக் குட்டியாகக் கறுப்பு ஈ வருகிறது. தண்ணீர் ஊற்றினால் மண்ணிலிருந்து எழும்புகிறது, காபி டம்ளரில் விழுகிறது. வேப்பெண்ணெய் தெளித்தேன், இரண்டு நாள் குறைந்து மறுபடி வந்துவிட்டது. வீட்டுக்காரர் எல்லாத் தொட்டியையும் தூக்கிப் போடச் சொல்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தாம்பரம்

தூக்கிப் போட வேண்டாம். அவரிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். ஏன் ஒரு மாதம் என்று கீழே சொல்கிறேன்.

இதற்கு ஃபங்கஸ் நாட் என்று பெயர், நாம் பூஞ்சை ஈ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், கொசு போல நீளக் கால், ஆனால் கடிக்காது. பறப்பதிலும் அவ்வளவு கெட்டியில்லை. தொட்டியை லேசாகத் தட்டினால் எழும்பி, தடுமாறி ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே மண்ணில் வந்து உட்காரும். அப்படி உட்கார்ந்தால் இதுதான். வாழைப்பழத்தைச் சுற்றினால் அது பழ ஈ, பாத்ரூம் சுவரில் ரோமத்தோடு சின்ன அந்துப்பூச்சி மாதிரி ஒட்டியிருந்தால் அது சாக்கடைக் குழாயில் வளர்வது. அவற்றுக்கு இந்த வைத்தியம் உதவாது.

வேப்பெண்ணெய் ஏன் இரண்டு நாள்தான் தாங்கியது? நீங்கள் தெளித்தது பறக்கிறவற்றின் மேல். பறக்கிற ஈக்கு ஆயுசே ஒரு வாரம் பத்து நாள்தான், ஆனால் அதற்குள் ஒரு பெண் ஈ நூறு, இருநூறு முட்டைகள்கூட ஈர மண்ணில் இட்டுவிடும். நாலைந்து நாளில் முட்டை பொரிந்து, இரண்டு வாரம் புழுவாக இருந்து, நாலைந்து நாள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, அப்புறம்தான் ஈயாக வெளியே வரும். ஆக மொத்தம் மூன்று நாலு வாரம். இன்றைக்குப் பறக்கிற எல்லாவற்றையும் அடித்துவிட்டாலும் மண்ணுக்குள் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வரிசையாகக் காத்திருக்கும். ஒரு மாதம் கேட்டது இதற்குத்தான். முதல் வாரத்தில் ஈ குறைந்ததும் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் மூன்றாவது வாரத்தில் மறுபடி மொய்க்கும், எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி இந்தக் கதைதான்.

எந்தத் தொட்டியில் அதிகம் என்று தெரிந்துகொள்ள ஓர் உருளைக்கிழங்கு போதும். தோல் சீவி, விரல் கனத்துக்கு வில்லை போட்டு, ஒவ்வொரு தொட்டியிலும் மண்ணோடு ஒட்டும்படி அழுத்தி வைத்துவிடுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி உடம்பும், மிளகாய் விதையை விடச் சின்னதாக ஒரு பளபளப்பான கறுப்புத் தலையுமாகப் புழுக்கள் நெளியும். உடம்புக்குள் தின்றது கறுப்புக் கோடாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய தோல். அந்த வில்லையை அப்படியே சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுப் புது வில்லை வையுங்கள், பார்த்ததும் ஆயிற்று, கொஞ்சம் பிடித்ததும் ஆயிற்று. பதினைந்து தொட்டியில் நாலைந்துதான் மோசமாக இருக்கும், வேலையை அங்கே ஆரம்பிக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம், தண்ணீர். மழைக்காலத்திலும் நாம் சித்திரை மாதக் கணக்கிலேயே ஊற்றுகிறோம். வெயில் இல்லை, காற்றில் ஈரம், செடி குடிப்பது பாதிகூட இல்லை, ஆனால் காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு மக் தண்ணீர் தவறாமல் போகிறது. புழு வாழ்வது மேல் இரண்டு மூன்று அங்குல மண்ணில். அந்த இரண்டு அங்குலம் நன்றாகக் காய்ந்தால் முட்டை பொரியாது, புழுவும் தங்காது. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலந்த மண்ணாக இருந்தால் மேலே வெளுத்துக் காய்ந்தது போல் தெரியும், கண்ணை நம்பாதீர்கள், ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. பீஸ் லில்லி தாகம் எடுத்தால் இலையைத் தொங்கப்போட்டுச் சொல்லிவிடும், ஊற்றியதும் ஓரிரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும், பயப்பட வேண்டாம். சின்னத் தொட்டிகளுக்கு மேலே ஊற்றாமல், ஒரு டப்பில் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் உட்கார வைத்து எடுத்து வடிய விடுங்கள். வேருக்குத் தண்ணீர் போகும், மேல்மண் காய்ந்தே இருக்கும்.

அடுத்து, உங்களை நேரடியாகக் கேட்கிறேன், அரிசி கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறீர்களா? டீத்தூள் சக்கை, வாழைப்பழத் தோல், முட்டை ஓட்டுத் தூள்? நம் வீடுகளில் கழுநீரை வீணாக்க மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் தினமும் மேல்மண்ணில் அந்த மாவுச்சத்து படியப் படிய வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது, அந்தப் பூஞ்சையும் மக்கும் குப்பையும்தான் இந்தப் புழுவுக்குச் சாப்பாடு. வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகளுக்கு இந்த ஒரு மாதம் இவை எதுவும் வேண்டாம். மேலே கிடக்கும் பழுத்த இலையையும் பொறுக்கிவிடுங்கள்.

பறக்கிறவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை வையுங்கள். உயரே கட்டித் தொங்கவிட வேண்டாம், மண்ணை ஒட்டிக் குச்சியில் செருகினால்தான் கிளம்பும்போதே ஒட்டும். அட்டை மட்டும் போதாது, ஆனால் வாரா வாரம் எத்தனை ஒட்டியது என்று எண்ணினால் குறைகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் செய்தும் அடங்காத தொட்டிக்கு பிடிஐ. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கொசுப் புழுக்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தது. கொசுப் புழுவையும் நம் பூஞ்சை ஈப் புழுவையும் கொல்லும், மனிதருக்கும் மண்புழுவுக்கும் ஒன்றும் செய்யாது. கடையில் வெறுமனே 'பிடி' என்று கேட்டால் குர்ஸ்டாகி என்ற வகையை எடுத்துத் தருவார்கள், அது முட்டைக்கோஸில் வரும் பச்சைப் புழுவுக்கு, இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. பாக்கெட்டில் இஸ்ரேலென்சிஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அதில் போட்டிருக்கும் அளவில் கலந்து, மேல்மண் நனைகிற மாதிரி வாரம் ஒரு முறை, நாலு வாரம். புழு அதைத் தின்றால்தான் சாகும், முட்டையையும் கூட்டையும் தொடாது, அதனால்தான் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டியிருக்கிறது.

டெங்கு பயமாக இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை. இந்தக் கொசு கடித்தால் ஏதாவது வருமா?
- ஒரு வாசகர், மதுரை

இது கடிக்கவே கடிக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கொஞ்சம் பெரியது, காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும். ஆனால் நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் ஏடிஸ் முட்டையிடுவது தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கிற நல்ல தண்ணீரில். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டுகளை இன்றைக்கே கவிழ்த்துவிடுங்கள், முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரில் விட்ட மணி பிளான்ட் பாட்டிலையும் மறக்க வேண்டாம். தட்டு காய்ந்தால் பூஞ்சை ஈயும் குறையும், தொட்டியின் அடி ஓட்டை வழியாகவும் அது போய் முட்டையிடும்.

மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாம் என்கிறார்களே? இன்னொருவர் குருணை மருந்து போடச் சொன்னார்.
- ஒரு வாசகர், கோவை

பெராக்சைடு ஊற்றலாம், புழு மேல் பட்டால் சாகும். ஆனால் அளவைக் கவனியுங்கள். 3 சதவீதக் கரைசலுக்கு ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் என்பது வெளிநாட்டுக் கணக்கு. நம் ஊர் மருந்துக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம், பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். அதற்கு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். மேல்மண் காய்ந்திருக்கும்போது ஊற்றினால் பொரபொரவென்று நுரைத்து அடங்கும். மண்ணில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அது விட்டுவைக்காது, அதனால் அடிக்கடி வேண்டாம். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குருணை மருந்து வேண்டவே வேண்டாம். வீட்டுத் தொட்டியில் கீரையும் புதினாவும் பறித்துச் சாப்பிடுகிறோம். வேரில் போடும் மருந்து இலைக்கு ஏறும். ஒரு காலத்தில் எல்லாரும் அள்ளிப் போட்ட ஃபோரேட் குருணை 2020-ஆம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது, அவ்வளவு விஷம். பழைய பாக்கெட் யாராவது அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தக்காளி, மிளகாய் விதை போட்டேன். நன்றாக முளைத்து, இரண்டு இலை விட்டதும் பொத்துப் பொத்தென்று சாய்ந்துவிட்டன. மேலே இந்த ஈக்கள். இதுதான் காரணமா?
- ஒரு வாசகி, திருச்சி

இருக்கலாம். வளர்ந்த செடிக்கு இந்தப் புழுவால் பெரிய சேதம் இல்லை, நாற்றுக்குத்தான் ஆபத்து. நூல் போன்ற வேர்த் தூவியைத் தின்றுவிடும், கடித்த இடத்தில் நாற்றழுகல் பூஞ்சை நுழையும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெந்தது போல் மெலிந்திருந்தால் அது அழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, நாற்றுத் தட்டைக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இந்த முறை கலவையை ஆவியில் வேகவைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு எடுக்காத பழைய இட்லிப் பானையில், துணி விரித்து, ஈரமான கலவையைப் பரப்பி, நடுமண் வரை சூடேறிய பிறகு அரை மணி நேரம் ஆவி. முழுக்க ஆறிய பிறகு விதை. சின்னத் தட்டுக்கு இது ஒரு காலை வேலைதான். நான் போன வருடம் ஒரு நர்சரியில் வாங்கி வந்த கலவை மூட்டை மழையில் நனைந்திருந்ததைக் கவனிக்காமல் அப்படியே தட்டில் நிரப்பினேன், கத்தரி நாற்று நாற்பதும் போய்விட்டது. மூட்டை கட்டியிருந்த இடத்தில் ஈ இருந்ததை அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

மேலே ஆற்று மணல் பரப்பினால் ஈ வராதாமே?
- ஒரு வாசகர், பாண்டிச்சேரி

ஒரு அங்குலம் கழுவிய மணல் போட்டால் மேலே சீக்கிரம் காயும், முட்டையிட வருவது குறையும். ஆனால் மணலுக்குக் கீழே ஈரம் எவ்வளவு என்று தெரியாமல் போய், வழக்கத்தை விட அதிகமாக ஊற்றிவிடுவோம். எம்-சாண்ட் போட வேண்டாம், மாவு அதிகம், இறுகிவிடும். வேப்பம் புண்ணாக்கையும் மேலே தூவாதீர்கள், ஈரத்தில் அதன் மேலேயே பூஞ்சை பூக்கிறது. தூளாக்கி மண்ணுக்குள் கிளறிவிடுங்கள், நடுத்தரத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி போதும்.