எடை குறைத்த பிறகு கண்ணுக்குக் கீழும் நெற்றிப்பொட்டிலும் குழி விழுந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்குள் ஃபில்லர் (பள்ளத்தை நிரப்ப ஊசியில் போடும் ஜெல்) போட்டுக்கொள்ளலாமா?

நெற்றிப்பொட்டுக்கு, அதாவது புருவ ஓரத்துக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடத்துக்கு என்றால் யோசிக்கலாம். கண்ணுக்குக் கீழே என்றால், அது குழிதானா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். நானும் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டுத்தான் போனேன். ஸ்கின் டாக்டர் நெற்றிப்பொட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு, கண் பக்கமே போகாமல் அனுப்பிவிட்டார்.

கண்ணுக்குக் கீழே இருட்டாகத் தெரிய பல காரணங்கள் உண்டு. கொழுப்பு வற்றி நிஜமாகவே பள்ளம் விழுந்திருக்கலாம். கீழ் இமைக் கொழுப்பு முன்னால் பிதுங்கிப் பை மாதிரி நின்று, அதன் அடியில் நிழல் விழலாம். தோலின் நிறமே அங்கே கறுத்திருக்கலாம். நம் ஊரில் இது ரொம்ப சகஜம், அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வந்துவிடும். பெரும்பாலும் இவை கொஞ்சம் கொஞ்சம் கலந்தே இருக்கும். ஃபில்லர் பள்ளத்துக்கு மட்டும்தான் உதவும். கறுப்பு நிறத்தை அது தொடாது. பை பெரிதாக இருந்தால் அதற்கு வழி இமை அறுவை சிகிச்சை.

என் டாக்டர் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்காரச் சொன்னார். படுத்தால் பையும் பள்ளமும் இடம் மாறிவிடுமாம். மேலே எரிந்த விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை நேராக முகத்தில் அடித்தார். நிழல் என்றால் நேர் வெளிச்சத்தில் போய்விடும், நிறம் என்றால் அப்படியே நிற்கும். பிறகு கையில் கண்ணாடியைக் கொடுத்து, தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் மேலே தூக்கச் சொன்னார். பை இருந்தால் அப்போது துருத்திக்கொண்டு வரும். எனக்குப் பாதிக்கு மேல் நிறம். “இதுல ஊசி போட்டா காசுதான்மா கரையும்” என்றார். இந்த டார்ச் வேலையை வீட்டிலேயே செய்து பாருங்கள்.

நிஜமான குழியாக இருந்தாலும் அது வம்பு பிடித்த இடம். தோல் அத்தனை மெல்லியது. பெரும்பாலும் போடுவது ஹயலுரானிக் ஆசிட் ஜெல். அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு கூடினால் காலையில் கண் உப்பியிருக்கும். தோலுக்கு மிக அருகில் போய்விட்டால் நீலம் பாய்ந்தது போலத் தெரியும். அது ரத்தக்கட்டு இல்லை, ஜெல்லில் ஒளி சிதறுவதால் வருவது, தானாகச் சீக்கிரம் மறையாது. ஏற்கெனவே காலையில் கண் வீங்குகிறவர்கள், ஓயாத மூக்கு அலர்ஜி உள்ளவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

நெற்றிப்பொட்டு கொஞ்சம் தாராளமான இடம். அந்தப் பள்ளம்தான் முகத்தை நோய்வாய்ப்பட்டது போலக் காட்டுகிறது என்பது அதை நிரப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புருவத்தின் வெளி முனைகூட லேசாக எழுந்து தெரிந்தது. டாக்டர் வெள்ளைப் பென்சிலால் குறி போட்டு, தலைமுடி ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எலும்பு தட்டும்வரை ஊசியை இறக்கி மெதுவாக, மிக மெதுவாகச் செலுத்தினார். வலி அவ்வளவாக இல்லை. தொல்லை அப்புறம்தான். மெல்லும் தசை அங்கேதான் இருக்கிறது என்பதால் சில நாள் முறுக்கு, கடலை எதையும் கடிக்க முடியவில்லை. ரசம் சாதத்தோடு ஓட்டினேன். பலன் ஒரு வருஷம் போல நிற்கும் என்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

எந்த இடத்துக்கு எப்போது அனுமதி கிடைத்தது என்று பார்த்தாலே எது பழகிய இடம், எது புதியது என்று புரியும். அமெரிக்காவில் ரெஸ்டிலேன் என்ற பிராண்ட் ஜெல்லுக்கு 2003இலேயே அனுமதி கிடைத்தது, மூக்கோரக் கோடுகளுக்கு. கண்ணுக்குக் கீழுள்ள குழிக்கு என்று ஜுவடெர்ம் வோல்பெல்லா என்ற ஜெல்லுக்கு அனுமதி வந்தது 2022இல்தான். நெற்றிப்பொட்டுக்கு அதே ஜுவடெர்மின் வோலுமாவுக்கு 2024இல். அதுவரை டாக்டர்கள் தங்கள் அனுபவத்தை நம்பித்தான் அங்கே போட்டுவந்தார்கள்.

இனி பயப்பட வேண்டிய விஷயம். ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்தப் பகுதித் தோல் அழுகலாம். கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் புருவ நடு, மூக்கு, நெற்றி, நெற்றிப்பொட்டு எல்லாமே கண்ணின் குழாய்களோடு தொடர்புள்ளவை. போட்டதும் தோல் வெளுத்தாலோ, வலை மாதிரித் திட்டுத் திட்டாக நிறம் மாறினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ “நாளைக்குப் பார்க்கலாம்” என்று இருக்காதீர்கள். அங்கே நிமிஷங்கள்தான் கணக்கு. ஹயலுரானிக் ஆசிட்டைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது, கண்புரை ஆபரேஷனில் மரத்துப்போக வைக்கும் ஊசியோடு கலந்து போடுவதும் அதுவேதான். “அது இங்கே ஸ்டாக் இருக்கா?” என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். இல்லை என்றாலோ, கேள்வியே புரியாத மாதிரி விழித்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். பார்லரில் போடுகிறேன் என்றால் பேச்சே வேண்டாம். கால்சியம் வகை ஃபில்லரை அந்த மருந்து கரைக்காது, முதல் தடவைக்கு அதைத் தவிர்க்கலாம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் முடித்துவிடுங்கள். வீக்கமும் கன்றிப்போவதும் அடங்க நேரம் வேண்டும், கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருந்தாலும் அதற்கும் நேரம் வேண்டும். எடை இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் அது நிற்கட்டும், இன்றைக்கு நிரப்பியது இரண்டு மாதத்தில் போதாமல் போகும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நல்ல கம்பெனி சிரிஞ்ச் ஒன்றே 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும், நெற்றிப்பொட்டு இரண்டுக்கும் ஒன்றுக்கு மேல் தேவைப்படலாம். பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, அதில் இருக்கும் லாட் நம்பர் ஸ்டிக்கரை பில்லோடு ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது என்ன போட்டீர்கள் என்பதைத்தான்.