நேம் கார்டு முதல் கமிஷன் வரை: மலேசியக் காப்புறுதி, முதலீட்டு முகவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பல வருடமாக ஒரே ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் முகவராக இருக்கிறேன். நேம் கார்டில் ‘ஃபைனான்ஷியல் அட்வைசர்’ என்று போட்டிருந்தேன். மேலாளர் எடுக்கச் சொல்கிறார். எல்லாரும் போடுகிறார்களே? (செந்தூல்)

மேலாளர் சொல்வதே சரி. ‘எல்லாரும் போடுகிறார்கள்’ என்பது புகார் வரும்வரைதான் செல்லுபடியாகும்.

2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி ஃபைனான்ஷியல் அட்வைசர் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் அனுமதி. அந்த நிறுவனம் பல காப்புறுதி நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிட்டு ஆலோசனை சொல்லலாம்; அங்கே வேலை செய்பவர் அதன் பிரதிநிதி. நீங்களோ ஒரே நிறுவனத்தின் பொருளை விற்கும் முகவர். ‘ஃபைனான்ஷியல் பிளானர்’ என்று போட்டுவிடலாமே என்று நினைத்தால் அதுவும் ஆகாது. அது 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் கீழ், மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷன் உரிமம் தரும் வேலை. யூனிட் டிரஸ்ட், தனியார் ஓய்வூதியத் திட்டம் விற்க வேண்டுமென்றால் அந்தத் துறையின் அமைப்பான எஃப்ஐஎம்எம்மில் பதிவு தனி. ஆக மூன்று கதவு, மூன்று சாவி. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திறக்க முடியாது.

கார்டில் நிறுவனப் பெயரும் ‘ஆயுள் காப்புறுதி முகவர்’ என்பதும் இருந்தால் போதும். பதவியை விடப் பதிவு எண்தான் இப்போது மதிப்பு. வாடிக்கையாளர்கள் இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

உண்மையிலேயே ஆலோசகராக மாற விருப்பம் என்றால், பேங்க் நெகாரா அனுமதி, செக்யூரிட்டீஸ் கமிஷன் உரிமம் இரண்டும் வைத்திருக்கும் நிறுவனத்தில் சேர்வது நடைமுறையில் சுலபம். சிஎஃப்பி, ஆர்எஃப்பி போன்ற நிதித் திட்டமிடல் தகுதி கேட்பார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருக்க முடியாது; இப்போதுள்ள முகவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பழைய பாலிசிகளுக்கு வரும் கமிஷன் விலகியபின் தொடருமா, அந்த வாடிக்கையாளர்களை அணுகத் தடை உண்டா, முன்பணமாக வாங்கிய ஊக்கத்தொகையைத் திருப்பிக் கேட்பார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். விலகல் கடிதம் கொடுத்த பிறகு அல்ல, அதற்கு முன்பு.

கேள்வி: மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) பிரிமியம் ஏறியதால் என் வாடிக்கையாளர்கள் கொந்தளிக்கிறார்கள். 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதே என்கிறார்கள். பழையதை நிறுத்திவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கலாமா? (பட்டர்வொர்த்)

10 விழுக்காட்டுக் கதை பாதிதான் உண்மை. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி பேங்க் நெகாரா அறிவித்த இடைக்கால ஏற்பாட்டின்படி, ஏற்றத்தைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். குறைந்தது 80 விழுக்காடு பாலிசிதாரர்களுக்கு ஆண்டு ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மீதிப் பேருக்கு அதைத் தாண்டலாம். உங்கள் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் என்பது நிறுவனம் அனுப்பிய கடிதத்தில் தெரியும். 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, தன் திட்டத்திலேயே குறைந்த பிளானில் இருப்பவருக்கு பாலிசி ஆண்டு தினத்திலிருந்து ஓராண்டு ஏற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்திவைப்பு என்றால் தள்ளுபடி அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டு உங்களைத்தான் திட்டுவார்கள். இந்த ஏற்பாடு 2026 முடியும்வரைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாற்றுவது பற்றி: அவசரப்படாதீர்கள். புதுப் பாலிசியில் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும். சாதாரண நோய்க்கு 30 நாள், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் மாதிரி குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள் என்பது வழக்கம். பத்து வருடத்துக்கு முன் ஆரோக்கியமாகக் கையெழுத்துப் போட்டவர் இன்று நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், புது நிறுவனம் அதை விலக்கிவிடும் அல்லது விண்ணப்பத்தையே மறுக்கும். 55 வயதுக்காரரின் நல்ல பழைய பாலிசியை 80 வெள்ளி மிச்சத்துக்காக அறுத்துவிடுவது சேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புதியது ஏற்கப்பட்டு, காத்திருப்பு முடியும்வரை பழையதை உயிரோடு வையுங்கள்.

அதற்கு முன் அதே நிறுவனத்தில் என்ன குறைக்கலாம் என்று கேளுங்கள். 2024 செப்டம்பர் 1 முதல், மருத்துவக் காப்புறுதி விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், பில்லில் ஒரு பங்கை நோயாளியே செலுத்தும் திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். குறைந்த பங்கு பில்லில் 5 விழுக்காடு, அல்லது முதல் 500 வெள்ளியை நோயாளியே கட்டுவது. 18,000 வெள்ளி மருத்துவமனை பில் என்றால் 5 விழுக்காட்டில் அவர் கையிலிருந்து 900 வெள்ளி. அவசர சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனைக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சைக்கும் இந்தப் பங்கு கிடையாது. பிரிமியத்தில் மிச்சமாகும் தொகையையும் இந்த 900-ஐயும் ஒரே தாளில் எழுதிக் காட்டி, அவரையே முடிவெடுக்க விடுங்கள். அந்தத் தாளில் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கமிஷனில் 2 விழுக்காடு பிடிக்கிறார்கள். என்னோடு சேர்ந்த நண்பருக்குப் பிடிக்கவில்லை. இது என்ன நியாயம்? (பிரிக்பீல்ட்ஸ்)

நண்பர் போன ஆண்டு உங்களைவிடக் குறைவாகச் சம்பாதித்திருப்பார், அவ்வளவுதான். வருமான வரிச் சட்டம் 107டி பிரிவு 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரே நிறுவனத்திடமிருந்து முந்தைய ஆண்டில் 100,000 வெள்ளிக்கு மேல் பெற்ற தனிநபர் முகவருக்கு, இந்த ஆண்டு ரொக்கமாகக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் 2 விழுக்காடு பிடித்து வரி வாரியத்துக்குக் கட்ட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: 100,000-ஐத் தாண்டியதா என்று பார்க்கும்போது பாலித் தீவுக்குக் கூட்டிப்போன சுற்றுலா, பரிசாகக் கொடுத்த ஐபோன் எல்லாம் சேரும், பிடிப்பதோ ரொக்கத்தில் மட்டும். அதனால்தான் ‘நான் 94,000தானே வாங்கினேன்’ என்பவருக்கும் பிடிபடுகிறது.

இது கூடுதல் வரி அல்ல. வருமான வரிப் படிவமான பாரம் பி நிரப்பும்போது பிடித்த தொகையைக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டில் உங்களுக்குக் கொடுத்ததைக் காட்டி நிறுவனம் தரும் சிபி58 படிவத்தை வாங்கி, உங்கள் கமிஷன் ஸ்டேட்மெண்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் நிறுவனத்தில் திருத்தச் சொல்லிவிட்டுப் பிறகு பாரத்தை அனுப்புங்கள். வாடிக்கையாளரைப் பார்க்கப் போன பெட்ரோல், டோல், அச்சுச் செலவு ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் மங்கும் ரசீதை அன்றே படம் எடுத்துவிடுங்கள். இ-இன்வாய்ஸ் (மின் விலைப்பட்டியல்) பற்றியும் பலர் பதறுகிறார்கள்: இ-இன்வாய்ஸ் அமல்படுத்திய நிறுவனம் முகவருக்குக் கொடுக்கும் கமிஷனுக்குத் தானே செல்ஃப்-பில்ட் இன்வாய்ஸ் போட்டுக்கொள்ளும். நீங்கள் கொடுக்க வேண்டியது சரியான வரி எண்.

கேள்வி: வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் என் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. புதுச் சட்டத்தில் சிக்கலா? (ஜெலுத்தோங்)

சிக்கல்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 2025-இல் கட்டம் கட்டமாக வந்தன. ஜூன் 1 முதல், தரவு கசிந்து பெரும் பாதிப்பு நேரக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தரவுக் கொள்கைகளை மீறினால் தண்டனை 10 லட்சம் வெள்ளி அபராதம், 3 ஆண்டு சிறை வரை போகலாம்.

போன் தொலைந்தால் போலீஸ் புகாரோடு நிற்காமல் அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். விண்ணப்பம் நிறுவனத்தின் கணினியில் ஏறிய பிறகு படங்களை அழித்துவிடுங்கள். போன் கேலரி, கூகுள் டிரைவ் இரண்டிலும். ‘பணமோசடித் தடுப்புச் சட்டப்படி 6 ஆண்டு வைத்திருக்க வேண்டுமே’ என்று சிலர் வாதாடுகிறார்கள். அந்தக் கடமை நிறுவனத்துக்கு, உங்கள் போனுக்கு அல்ல. காசு கொடுத்துப் பெயர்ப் பட்டியல் வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

கேள்வி: டெலிகிராமில் 400 பேர் குழுவில் எந்தப் பங்கு வாங்கலாம் என்று எழுதுகிறேன். ‘இது ஆலோசனை அல்ல’ என்று கீழே போட்டால் போதும்தானே? (கெப்போங்)

போதாது. நீங்கள் செய்வதைத்தான் பார்ப்பார்கள், கீழே எழுதிய வரியை அல்ல. உரிமம் இல்லாமல் முதலீட்டு ஆலோசனைத் தொழில் நடத்தினால் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் 58-ஆவது பிரிவின் கீழ் ஒரு கோடி வெள்ளி அபராதம், 10 ஆண்டு சிறை வரை. மாதச் சந்தா வாங்குகிறீர்கள் என்றால் வாதாடவும் இடமில்லை.

கேள்வி: விற்பனை நன்றாகப் போகிறது, ஆனாலும் ஊக்கத்தொகை குறைகிறது. ஒரு வாடிக்கையாளர் புகாரும் கொடுத்திருக்கிறார். (புக்கிட் மெர்தாஜம்)

இரண்டும் ஒரே இடத்தில் சேரலாம். 2018 முதல் ஆயுள் காப்புறுதி முகவரின் வருமானத்தில் ஒரு பகுதி பேலன்ஸ்ட் ஸ்கோர்கார்டு என்ற மதிப்பெண் முறையோடு கட்டப்பட்டிருக்கிறது. விற்றது மட்டும் அல்ல, பாலிசி தொடர்ந்து நடப்பில் இருக்கிறதா, வாடிக்கையாளர் விவரப் படிவம் முழுமையா, பயிற்சி மணி முடித்தீர்களா, நிரூபணமான புகார் உண்டா என்பதும் பார்க்கப்படும். இரண்டாவது வருடத்திலேயே பிரிமியம் நிற்கும் பாலிசிகள்தான் பெரும்பாலும் மதிப்பெண்ணைச் சாப்பிடும். முதலில் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

புகார் நிறுவனத்தில் தீராவிட்டால், இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் வாடிக்கையாளர், இத்தகைய புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் காப்புறுதிக்கும் முதலீட்டுக்கும் ஒரே அமைப்புதான், எஃப்எம்ஓஎஸ். 250,000 வெள்ளி வரை விசாரிக்கும். வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை. அங்கே ‘நான் வாயால் விளக்கினேன்’ என்பது நிற்காது. கையெழுத்திட்ட விவரப் படிவம், பொருள் விளக்கத் தாள், பிரிமியம் ஏறக்கூடும் என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தி, ஏன் இந்தத் திட்டத்தைப் பரிந்துரைத்தீர்கள் என்ற இரண்டு வரிக் குறிப்பு: இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி இந்த வாரமே நிறுவனத்தின் புகார்ப் பிரிவிடம் கொடுங்கள். படிவத்தில் வருமானக் கட்டம் காலியாக இருந்தால் இப்போது நிரப்பாதீர்கள். காலியாக இருப்பதற்கு விளக்கம் சொல்லலாம், பின்தேதியிட்டதற்குச் சொல்ல முடியாது.