முதலில் வெந்நீர், பிறகு பெயர்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து, பெயர் பொறித்த பயணக் காபிக் குவளையைப் பற்றியே கேட்கின்றன. ஐந்தும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை என்பதால், எந்த ஊருக்கும் பொருந்துகிற பொதுப் பதிலாக இல்லாமல், உப்புக்காற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தை விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். தடைக்காலம் முடிந்து முதல் முறை கடலுக்குப் போகும்போது, அவர் பெயர் பொறித்த காபி பிளாஸ்க் ஒன்றை அவருக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன். கடையில் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இருக்கிறதே, அவசரப்படாமல் வாங்கலாம். நிறத்தையும் எழுத்தின் அழகையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பெயர் பொறித்த பிளாஸ்க்கை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால், கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயங்குவார். ஆகவே பொறிக்கக் கொடுப்பதற்கு முன்பே அது சூட்டைத் தாங்குகிறதா என்று வீட்டில் சோதித்துவிட வேண்டும். கொதிக்கிற வெந்நீரை நிறைய ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து அடியிலிருந்து கழுத்துவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மூடிக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை. உள்சுவரும் வெளிச்சுவரும் அந்த வாயோரத்தில்தான் ஒன்றோடொன்று சேர்கின்றன, சூடு அந்த வழியாகக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். நடு உடம்பே சுட்டால், இரு சுவர்களுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெற்றிடம் போய்க் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892-ஆம் ஆண்டில் மிகக் குளிர்ந்த திரவங்களைக் காப்பதற்காகச் செய்த கண்ணாடிக் குடுவையின் தத்துவம்தான் இன்றைய எவர்சில்வர் பிளாஸ்க்கிலும் இருக்கிறது. அட்டையில் ‘இரட்டைச் சுவர்’ என்று மட்டும் போட்டிருந்தால் நடுவில் வெறும் காற்றாகவும் இருக்கக்கூடும் என்பதால், ‘வெற்றிடம்’ என்ற சொல் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்; ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது தகடு. எவர்சில்வர் என்று நாம் ஒரே பெயரில் அழைத்தாலும் அதில் பல ரகம் உண்டு. 304 என்பது ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நல்லது. 201 என்ற ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். விலை மலிவு, ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அது மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும், விலையும் கூடும். காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சிலர் சொல்கிறார்கள். 201-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதால், அந்தச் சோதனை இந்த இடத்தில் பயன்படாது. அடியில் பொறித்திருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. உள்பக்கம் 304, வெளிப்பக்கம் 201 என்று செய்யப்பட்டவையும் விற்கின்றன. வீட்டுக்கு அது போதும், படகுக்கு வெளிப்பக்கமும் 304-ஆக இருப்பதே நல்லது.

மூடியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விளம்பரப் படங்களில் வருகிற பயணக் குவளைக்கு மேலே ஒரு சிறு துளை இருக்கும். அதில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். காரில் போகிறவருக்கு அது வசதியாக இருக்கலாம், ஆனால் நாம் காபியை ஆற்றிக் குடித்துப் பழகியவர்கள். துளைக்குள் காபி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது, ஊதவும் முடியாது. நல்ல பிளாஸ்க்காக இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்தும் நாக்கு வெந்துபோகும். அதோடு ஆடுகிற படகில் அந்தத் துளையின் வழியாகத் தளும்பும். உங்கள் தந்தைக்குத் திருகுமூடி போட்டதாகவும், அந்த மூடிக்கு மேல் டம்ளர் போல ஒரு மூடி கவிழ்ந்திருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். டம்ளரில் ஊற்றினால் பக்கத்தில் வலை இழுப்பவருக்கும் ஒரு மடக்குக் கொடுக்கலாம். திருகுமூடியின் விளிம்பில் வரிவரியாகப் பள்ளம் இருப்பது அவசியம். வலையும் மீனும் டீசலும் தொட்ட கையில் வழவழப்பான மூடி சுற்றிக்கொண்டே இருக்குமே தவிரத் திறக்காது. 500 மில்லி அளவு ஒருவருக்குத் தாராளம். பாதி நிரப்பிய பெரிய பிளாஸ்க், நிறைய நிரப்பிய சிறிய பிளாஸ்க்கைவிடச் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால், பெரிதாக வாங்கிக் குறைவாக ஊற்றுவதில் லாபம் இல்லை.

இதில் எதை ஊற்றப்போகிறீர்கள் என்பதும் கேள்விதான். பால் காபி 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமிகள் பெருகத் தொடங்கும். அந்திக்குப் போட்டுக் கொடுத்ததை விடியற்காலையில் குடிப்பது சரியல்ல. இரவு முழுவதும் கடலில் இருப்பவருக்குப் பாலில்லாத சுக்குக் காபிதான் என் தேர்வு. சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, சுக்கும் மல்லியும் சேர்த்துக் கொதிக்கவைத்து, முதலில் வெந்நீரால் ஐந்து நிமிடம் சூடேற்றிக் கொட்டிய பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுங்கள். ருசியும் மாறாது, திரிந்துபோகும் என்ற பயமும் இல்லை.

கீழே விழுந்தால் நசுங்காமல் இருப்பதற்காகச் சில பிளாஸ்க்குகளின் அடியில் சிலிக்கான் உறை மாட்டியிருக்கும். கடற்கரையில் அந்த உறைதான் எதிரி. அதற்கும் தகட்டுக்கும் இடையில் புகுந்த கடல்நீர் காயாமல் உப்பாகத் தங்கி, அடிவளையம் பற்றவைக்கப்பட்ட கோட்டிலிருந்து துரு தொடங்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். டீக்கறை போன்ற பழுப்புப் படலம் அங்கே தெரிந்தால், தொடக்கத்திலேயே துணியால் தேய்த்து எடுத்துவிடலாம்.

இனிப் பெயருக்கு வருவோம். படகின் பதிவெண்ணைப் பொறிக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன், தொழிலாளி படகு மாறுவார், பிளாஸ்க் மாறாது. படகில் எல்லோரும் அவரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்களோ அதையும் தலைப்பெழுத்தையும் ஊர்ப்பெயரையும் போட்டால் போதும்.

கேள்வி: ஓய்வுபெறும் எங்கள் ஆசிரியை ஒருவருக்கும், உடன் பணியாற்றியவர்களுக்குமாக முப்பது குவளை பெயர் போட்டு வாங்க நினைக்கிறோம். ஒரு கடையில் லேசர் என்கிறார்கள், இன்னொரு கடையில் படத்தோடு அச்சிட்டுத் தருகிறோம் என்கிறார்கள். எது நிலைக்கும்? (வாசகர், கீழக்கரை)

பதில்: லேசர்தான் நிலைக்கும். வண்ணப் பூச்சுள்ள குவளையின் மீது லேசர் ஒளி ஓடும்போது, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூச்சு மட்டும் எரிந்து நீங்கி, அடியிலுள்ள எவர்சில்வர் தெரிகிறது. அது மேலே ஒட்டியது அல்ல என்பதால் உரிவதற்கு ஒன்றுமில்லை. கறுப்பு, கருநீலம், அரக்கு போன்ற அடர்ந்த நிறங்களில் எழுத்து பளிச்சென்று தெரியும். வெள்ளைக் குவளையில் வெள்ளிநிற எழுத்தைத் தேட வேண்டியிருக்கும். பூச்சே இல்லாத வெறும் எவர்சில்வரில் லேசர் போடுவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: துருவைத் தடுக்கும் மேற்படலம் அந்தச் சூட்டில் கெடக்கூடும் என்பதால், கடலோரத்தில் எழுத்தின் மீதே பழுப்பு ஏறலாம். ஆகவே உங்கள் ஊருக்குப் பூச்சுள்ள குவளைதான் ஏற்றது.

ஆசிரியையின் புகைப்படம் வேண்டும் என்றால் வண்ண அச்சுதான் வழி. அதைத் தேங்காய்நாரும் கம்பி நாரும் படாமல் கழுவ வேண்டும். படம் போட்டதை ஆசிரியைக்கு ஒன்று மட்டும் செய்து, மற்றவர்களுக்கு லேசரில் பெயர் போடுவது என் யோசனை. ஒட்டுப்படத்தை இரண்டு மாதத்தில் ஓரம் கிளம்பும் என்று தெரிந்தே வாங்குவதானால் வாங்குங்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லேசர் இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள்கள் சிலவற்றுக்கு நம் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. ‘சோ’ என்று தட்டெழுதினால் கொம்பு முன்னால் போகாமல், ‘ச’வுக்குப் பின்னால் புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டெழுதிக் கொடுத்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசையாக வரும். அதனால் பெயர்ப்பட்டியலைச் செய்தியாக அனுப்பாதீர்கள். ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டெழுதி, எழுத்துகளைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத வரைபடமாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுங்கள். எழுத்தின் உயரம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்கும் சிறிதானால் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து ‘ன்’ என்பது ‘ன’ ஆகிவிடும். முப்பது பெயரையும் முதலில் தாளில் அச்சடித்து, ஒவ்வொருவரிடமும் அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கிக்கொண்டால் பிறகு வருத்தம் வராது.

கேள்வி: இணையத்தில் பெயர் பொறிக்கச் சொல்லி வாங்கிய குவளையில் ‘ண’ வரவேண்டிய இடத்தில் ‘ன’ வந்திருக்கிறது. பெயர் பொறித்ததைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார்கள். விட்டுவிடத்தான் வேண்டுமா? (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: நீங்கள் தட்டெழுதி அனுப்பியதிலேயே ‘ன’ இருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் சரியாக அனுப்பி அவர்கள் தவறாகப் பொறித்திருந்தால், ‘திரும்பப் பெறுவதில்லை’ என்ற நிபந்தனை அவர்களுடைய பிழையை மூடிவிடாது. நீங்கள் அனுப்பிய பெயரின் படத்தையும் வந்த குவளையின் படத்தையும் வைத்து முதலில் விற்றவருக்கே எழுத்துமூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். எனக்கும் இப்படி நேர்ந்தது. தங்கை மகளின் பெயரை ஒரு கடையில் எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சு மாதிரியைப் பார்க்காமலே வந்துவிட்டேன். கொம்பு உடைந்த பெயரோடு குவளை வந்தது. மாதிரி பார்க்காதது என் தவறு என்பதால் சண்டை போடவும் வாயில்லை. அந்தக் குவளையில்தான் இப்போது என் மேசைப் பேனாக்கள் நிற்கின்றன.

கேள்வி: பாத்திரக்கடையில் குடத்துக்கும் தூக்குவாளிக்கும் பெயர் வெட்டுகிற கையியந்திரத்திலேயே பிளாஸ்க்குக்கும் வெட்டிக்கொள்ளலாமா? (வாசகர், உச்சிப்புளி)

பதில்: கூடாது. ‘இன்னார் உபயம்’ என்று புள்ளிபுள்ளியாக வெட்டிய பாத்திரங்களின் நடுவில் வளர்ந்தவன் என்பதால் அந்த எழுத்தின் மீது எனக்கும் ஒரு பிரியம் உண்டு. ஆனால் பிளாஸ்க்கின் வெளிச்சுவர் மெல்லிய தகடு. அதிர்ந்து குத்துகிற ஊசியால் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தாலும் வெற்றிடம் போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. திருகிக் கழற்றக்கூடிய எவர்சில்வர் டம்ளர் மூடி இருந்து, அது ஒற்றைத் தகடாகவும் இருந்தால், அதன் மேல் வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வருடமாகப் பயன்படுத்தும் குவளையில், எவ்வளவு கழுவினாலும் புளித்த வாடை வருகிறது. உள்ளே வெள்ளையாகவும் படிகிறது. பெயர் போட்டதாயிற்றே என்று தூக்கிப்போட மனம் வரவில்லை. (வாசகி, பெரியபட்டினம்)

பதில்: தூக்கிப்போட வேண்டாம். வாடை பெரும்பாலும் தகட்டில் இருப்பதில்லை. மூடியின் உள்ளே இருக்கும் சிலிக்கான் வாசருக்கு அடியில், பழைய பாலாடை பசைபோலப் படிந்திருக்கும். கத்தி முனையால் கிளப்பாமல், தேக்கரண்டிக் காம்பால் நெம்பி வாசரைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். குவளைக்குள்ளும் அதே நீரை ஊற்றித் திறந்தபடி வைத்து, பிறகு நீண்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைப் படிவு உங்கள் ஊர்க் கிணற்றின் உவர்நீரால் வருவதாக இருக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீர் அதைக் கரைக்கும், கடைசி அலசலுக்கு மட்டும் காவிரிக் குடிநீரைப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் பவுடர் கலந்த எதையும் உள்ளே ஊற்றாதீர்கள், அதிலுள்ள குளோரின் எவர்சில்வரில் ஊசிக்குத்துப் போலக் குழி விழச் செய்யும். வாசர் கறுத்தோ தளர்ந்தோ போயிருந்தால் அதே அளவில் புதிது வாங்கி மாட்டுங்கள். கழுவிய பின் வாசரை மாட்டாமல், மூடியைத் தனியாக, குவளையைக் கவிழ்த்து இரவு முழுவதும் காயவிடுங்கள்.