அத்தானுக்கு வந்த சம்பளம் எனக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: மேரிலாந்தில் எச்-1பி விசாவில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான அமெரிக்க வேலை விசா) இருக்கிறேன். எங்கள் கம்பெனி ஒரு பெரிய நிறுவனத்திடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்து, மத்திய அரசுத் துறை ஒன்றுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்கிறது. 2025 அக்டோபர் 1 அன்று ஷட்டவுன் (நிதி ஒப்புதல் இல்லாமல் மத்திய அரசுப் பணிகள் முடங்குவது) தொடங்கியதும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முதல் பத்து வேலைநாளுக்கு என் கணக்கிலிருந்த லீவைக் கழித்துச் சம்பளம் போட்டார்கள். அதன்பிறகு நவம்பர் 12 வரை ஒன்றும் இல்லை. 13 அன்று வேலைக்குத் திரும்பினேன். அக்காவின் கணவர் அமெரிக்கக் குடிமகன், அரசு ஊழியர். அவரும் வீட்டில்தான் இருந்தார், முழுச் சம்பளமும் வந்துவிட்டது. எனக்குக் கிடைக்காதா? கேட்டால் விசாவுக்கு ஆபத்து வருமா?

பதில்: அத்தானுக்கு வந்த வழியில் உங்களுக்கு வராது. ஆனால் உங்களுக்கென்று தனி வழி ஒன்று இருக்கிறது, அதைத் திறப்பதே உங்கள் விசாதான்.

முதலில் அத்தான் விஷயம். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீண்ட ஷட்டவுனின் நடுவே, 2019 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. வீட்டில் உட்கார வைக்கப்பட்டவருக்கும், சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தவருக்கும், ஷட்டவுன் முடிந்ததும் பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது அது. 2025 அக்டோபரில் வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்திலிருந்து, "இது தானாகக் கிடைக்காது" என்று புது வியாக்கியானம் ஒன்று கிளம்பி, அரசு ஊழியர் குடும்பங்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது. நவம்பர் 12 அன்று ஷட்டவுனை முடித்துவைத்த சட்டத்திலேயே பாக்கிச் சம்பளத்தையும் எழுதிவிட்டார்கள். ஒப்பந்தக் கம்பெனி ஊழியர்களைப் பற்றி 2019 சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

உங்களோடு வேலை பார்க்கும் அமெரிக்கக் குடிமகனின் பாடு இன்னும் மோசம். மாதச் சம்பளக்காரராக இருந்தாலும், ஒரு வாரம் முழுக்க வேலையே தராவிட்டால் அந்த வாரச் சம்பளத்தைக் கம்பெனி தராமல் விடலாம். மாநிலத்தின் வேலையில்லா உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

எச்-1பி ஊழியரை அப்படிச் செய்ய முடியாது. வேலை இல்லை என்று சம்பளமில்லாமல் உட்கார வைப்பதை, நம்மவர்கள் "பெஞ்ச்" என்று சொல்வதை, 1998-இலேயே சட்டம் தடுத்துவிட்டது. புராஜெக்ட் இல்லை, மேலிருந்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள் என்று எந்தக் காரணம் சொன்னாலும், எல்.சி.ஏ.வில் (உங்கள் விசாவுக்காகத் தொழிலாளர் துறையிடம் கம்பெனி கொடுத்த விண்ணப்பம்) காட்டிய சம்பளத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். "அரசு எங்களுக்கே பணம் தரவில்லையே" என்பார்கள். அது அவர்களுக்கும் மேலே உள்ள ஒப்பந்தக்காரருக்கும் இடையிலான கணக்கு. உங்கள் சம்பளத்தை அதோடு முடிச்சுப் போட முடியாது. உங்களை முறைப்படி வேலையைவிட்டு நீக்கி, குடியேற்றத் துறைக்கும் தெரிவித்திருந்தால் கதை வேறு. நவம்பர் 13 அன்று அதே நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், ஆகவே நீக்கம் நடக்கவில்லை.

கணக்குப் போடுவோம். எல்.சி.ஏ. சம்பளம் வருடத்துக்கு 98,800 டாலர் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 1,900. அக்டோபர் 15 முதல் நவம்பர் 12 வரை நான்கு வாரமும் ஒரு நாளும்: 7,980 டாலர். எல்.சி.ஏ. நகல் வேலையில் சேரும்போதே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும், தேடுங்கள். கழித்துக்கொண்ட லீவுக்காக நான் பெரிதாக மல்லுக்கட்ட மாட்டேன். அந்த நாட்களுக்குச் சம்பளம் வந்துவிட்டது.

இனி நான் பயப்படும் இடம். ஊழியர் தன் சொந்தக் காரணத்துக்காக, தானே விரும்பிக் கேட்ட சம்பளமில்லா விடுப்புக்குக் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை. இது தெரிந்த சில எச்ஆர்காரர்கள், "சொந்த வேலை காரணமாக விடுப்பு கோருகிறேன்" என்ற படிவத்தை அனுப்பி, ஒரு டிக் போட்டு அனுப்புங்கள் என்பார்கள். வேலை போய்விடுமோ என்ற பதற்றத்தில் நம் பிள்ளைகள் டிக் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் அப்படி ஏதும் செய்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. செய்திருந்தாலும் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வேலையை நிறுத்தச் சொன்ன அக்டோபர் 1 மெயில், விடுப்பு உங்கள் விருப்பமல்ல என்று காட்டும். கம்பெனி லேப்டாப்பில் மட்டும் அது இருந்தால், இன்றைக்கே பிரிண்ட் எடுத்து வையுங்கள். பே ஸ்டப்களும் (சம்பளச் சீட்டுகள்) வேண்டும்.

முதலில் எச்ஆருக்கு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். தேதிகள், தொகை, எல்.சி.ஏ. சம்பளம், இவை மூன்றும் போதும். மிரட்டல் தொனி வேண்டாம். பல கம்பெனிகள் வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கொடுத்துவிடும், ஏனென்றால் விதிமீறல் நிரூபணமானால் அபராதமும், புதிய எச்-1பி மனு போட முடியாத தடையும் வரக்கூடும். மசியாவிட்டால் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் டபிள்யூ.எச்-4 படிவத்தில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. விதிமீறல் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

விசா பயம் நியாயமானதே. சம்பளம் வராத அந்த நாலு வாரத்தை அடுத்த நீட்டிப்பின்போது அதிகாரி கேட்கலாம். அதற்காகத்தான் புகார் நகல் உதவும். புகார் செய்தவர் என்பதற்கு ஆதாரம் இருந்தால், அதை அந்த இடைவெளியை மன்னிக்கத் தக்க சிறப்புச் சூழ்நிலையாகக் குடியேற்றத் துறை கருத இடமுண்டு. புகார் செய்ததற்காகக் கம்பெனி உங்களைப் பழிவாங்குவதற்கும் சட்டத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் நடைமுறையில் கசப்பு வரும். அதனால் புகார் கொடுக்கும் முன்பே இன்னொரு கம்பெனியில் பேசி வைப்பது நல்லது. வேலை போனால், வேறு கம்பெனி உங்களுக்காக மனு போடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் கையில்.