சீட்டுக் கணக்கு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என்னுடன் வேலை பார்ப்பவரின் மகள் இறந்துபோனாள். ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். கடைசி மூன்று இரவுகள் ஐசியு வாசலில் அவரோடு இருந்தேன். ஒருமுறை பிளேட்லெட் கொடுத்தேன். விடிகாலை நான்கு மணிக்கு ஒரு நர்ஸ் வெளியே வந்து குழந்தையின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார். அந்தக் காட்சி என்னை உலுக்கிவிட்டது.

வீடு திரும்பியபோது என் பிரச்சினைகள் எல்லாம் தூசியாகத் தெரிந்தன. வீட்டுக் கடன், ஃபிளாட்டில் கார் நிறுத்தும் தகராறு, அம்மாவுக்கும் மனைவிக்கும் உள்ள உரசல், வராத பிரமோஷன். மனைவி எதையாவது குறையாகச் சொன்னால் ‘அந்த அம்மாவை நினைத்துப் பார், நமக்கு என்ன குறை’ என்பேன். மூன்று வாரம் அப்படி ஓர் அமைதி. சாவு நடக்காத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று கிசா கௌதமியிடம் புத்தர் சொன்ன கதை இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக்காரர் என் காரில் கீறல் போட்டுவிட்டார். வாசலில் நின்று கத்தினேன். வாட்ச்மேன் முதல் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மறுபடி பழைய ஆளாகிவிட்டேன். ஒரு குழந்தையின் சாவுகூட என்னை மாற்றவில்லையென்றால் நான் என்ன மனிதன்? அந்தத் தெளிவை எப்படித் தக்கவைத்துக்கொள்வது? தியானம் பழகலாமா? தினமும் நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதிவைக்கும்படி ஒரு நண்பர் சொல்கிறார். இதையெல்லாம் கர்மா என்று எடுத்துக்கொண்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

டிசம்பர் கடைசி நெருங்கினால் எனக்கு நாகப்பட்டினம் நினைவுக்கு வந்துவிடும். அந்த நினைப்பில் இருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா தெரியாது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தியானம் தாராளமாகப் பழகுங்கள், முதுகு நிமிரும். நன்றி நோட்டுப் போடுங்கள், ஒரு வாரம் எழுதுவீர்கள், இரண்டாம் வாரம் அதில் மளிகை லிஸ்ட் இருக்கும். கர்மா பேச்சை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கணக்கு எழுதுகிற கர்மாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தத் தகப்பனின் காது கேட்க அந்த வார்த்தையைச் சொல்லியும் விடாதீர்கள்.

தெளிவு மூன்று வாரத்தில் போய்விட்டது என்று அழுகிறீர்கள். மூன்று வாரம் நின்றதே பெரிது. நம் ஆட்கள் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். புராண வைராக்கியம், மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம். கதை கேட்டவன் பந்தலைத் தாண்டும்வரை, கொள்ளி வைத்துவிட்டு வந்தவன் குளித்துத் தலை துவட்டும்வரை, பெற்றவள் அடுத்த பிள்ளைக்கு ஆசைப்படும்வரை. சிரித்துக்கொண்டே வைத்த பெயர்கள். மூன்றாவதைப் பாருங்கள், அந்த வைராக்கியம் போகாவிட்டால் ஊரில் பிள்ளை ஏது?

நீங்கள் கொடுத்த பிளேட்லெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த ரத்தத் தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஐந்து நாளும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் எந்த ரத்த வங்கியிலும் அதற்கு எப்போதும் தட்டுப்பாடு. ஐந்து நாளில் கெட்டுப்போகிறதே என்று யாரும் அதைத் திட்டுவதில்லை, மறுபடி போய்க் கொடுக்கிறார்கள். எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம், வருடத்துக்கு 24 தடவை வரை. நீங்கள் ஒருமுறை கொடுத்தீர்கள். அது நல்ல காரியம். நான் இப்போது திட்டப் போவதில் அதற்குப் பங்கில்லை. மூன்று இரவு அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கும் இல்லை. தூக்கம் கெட்டுப் பக்கத்தில் உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்.

ஆனால் உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். குழந்தையின் செருப்புவரை அந்த நண்பர் இருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வரியில்கூட இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனீர்களா? அவர் வேலைக்குத் திரும்பிவிட்டாரா? மதியம் யாரோடு சாப்பிடுகிறார்? அந்தப் பெண்மணி இப்போது யாருடன் இருக்கிறார்? மூன்று வாரம் அமைதியாக இருந்தேன் என்கிறீர்கள். அந்த மூன்று வாரமும் அவர்கள் வீட்டில் எப்படிப் போயிற்று என்று எழுத உங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் வீட்டுச் சாவை எடுத்துவந்து உங்கள் வீட்டுத் தராசில் எடைக்கல்லாக வைத்துவிட்டீர்கள். ஒரு தட்டில் அந்தக் குழந்தை, இன்னொரு தட்டில் உங்கள் வீட்டுக் கடன். கடன் மேலே போய்விட்டது, நிம்மதி. அதோடு விட்டீர்களா? மனைவி வாயைத் திறந்தபோதெல்லாம் அதே கல்லைத் தூக்கி வைத்தீர்கள். ‘அந்த அம்மாவை நினைத்துப் பார்.’ உங்கள் மனைவி என்ன சொல்ல வந்தார்? கடிதத்தில் ‘எதையாவது’ என்றுதான் இருக்கிறது. முட்டி வலியா, உங்கள் அம்மா சொன்ன ஒரு சொல்லா, மாதக் கடைசிப் பணமுடையா? உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ஒரு செத்த குழந்தையைக் காட்டி ஒரு மனுஷியின் வாயை அடைத்துவிட்டு, அதற்கு அமைதி என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். கீழ்வீட்டுக்காரரிடம் கத்தியது அதைவிட எவ்வளவோ மேல். அவராவது திருப்பிக் கத்தியிருப்பார்.

கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. என் அப்பா இப்படித்தான். காய்ச்சல் என்றால், காலில்லாதவன் கதை சொல்வார். பசி என்றால் பஞ்சத்தின் கதை. கடைசிவரை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு தலைவலிகூடச் சொந்தமாக இருந்ததில்லை. அது போகட்டும்.

கடுகுக் கதைக்கு வருகிறேன். இந்தக் கதையைப் போல் ஆள் மாற்றிச் சொல்லப்பட்ட கதை வேறில்லை. வீடு வீடாகப் போனவள் யார்? பிள்ளையைப் பறிகொடுத்தவள். செத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று, அங்கே செத்தவர்களைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தவள். ஊரே அவளிடம் தன் சாவுகளைச் சொல்லியது. அப்படி நடந்துவந்த பிறகுதான் பிள்ளையைக் கீழே இறக்கினாள். அந்தக் கதையில் நீங்கள் வாசலில் நின்று கடுகை நீட்டுகிற வீட்டுக்காரர். கார் கீறலுக்கு அதைப் புத்தர் யாருக்கும் மருந்தாக எழுதிக் கொடுக்கவில்லை.

கிட்டத்தட்ட அதே பெயரில் மணிமேகலையிலும் ஒரு தாய் உண்டு. இவள் பூம்புகார்க் கோதமை. மகன் சார்ங்கலன் சுடுகாட்டுப் பேயைக் கண்டு அஞ்சி ஓடிவந்து உயிரை விடுகிறான். உடலைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தெய்வம் சம்பாபதி முன்னால் போய் நிற்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைக் கொடு, கண் தெரியாத என் கணவனை இவன் பார்த்துக்கொள்வான் என்று கேட்கிறாள். கல்லூரியில் படித்தபோது இந்த வரி எனக்குச் சப்பென்று இருந்தது. பிள்ளை செத்துக் கிடக்கும்போது கணவனுக்கு நாளைக்கு யார் சோறு போடுவது என்று ஒருத்தி கணக்குப் பார்ப்பாளா என்று தோன்றியது. பார்ப்பாள் என்பதை அதே கடற்கரையில்தான் தெரிந்துகொண்டேன். 2004-ல் பூம்புகாரும் நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் இருந்தது.

அன்று டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா பக்கம் பூமி ஆடியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அலை நாகைக்கு வந்தது. அத்தனை நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கான ஏற்பாடே அப்போது இந்தியப் பெருங்கடலில் கிடையாது. மீன் ஏலத்துக்குப் பெண்கள் கரையில் நின்ற நேரம், லீவு நாளில் பிள்ளைகள் மணலில் ஆடிய நேரம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

நான் அப்போது திருவாரூரில் வேலையில் இருந்தேன். மூன்றாம் நாள் நண்பர்களோடு ஒரு டெம்போவில் அரிசியும் தண்ணீர் பாக்கெட்டும் ஏற்றிக்கொண்டு போனோம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் பார்த்ததை எழுதப் போவதில்லை. பிளீச்சிங் பவுடர் வாசனை இன்றும் எனக்கு ஆகாது, அவ்வளவு போதும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்திருந்தது. ஜிப் போன கால்சட்டை, ஒற்றைக் கை கிழிந்த சட்டை, சாயம்போன நைட்டி. சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. அந்தப் பெண்கள் அதைத் தொடவில்லை. ஒரு குவியலின் மேல் மாடு படுத்திருந்தது. அனுப்பியவர்கள் எல்லோருக்கும் அலமாரி காலியாகி, மனமும் லேசாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த மாடு ஞாபகம் வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, கல்யாண மண்டபம் ஒன்றில் காணாமல் போனவர்களின் பட்டியல் எழுத உட்காரவைத்தார்கள். நாற்பது பக்க நோட்டு. பெயர், வயது, கடைசியாக என்ன உடுத்தியிருந்தார், அடையாளம். ‘வலது புருவத்தில் தழும்பு.’ ‘காலில் ஒரு கொலுசு மட்டும், இன்னொன்று அடகில்.’ இப்படி.

டிசம்பர் 30 அன்று, மறுபடி அலை வருகிறது என்று தில்லியிலிருந்து எச்சரிக்கை. வந்த அலைக்குச் சொல்லாதவர்கள் வராத அலைக்குச் சொன்னார்கள். ஊரே மேற்கே பார்த்து ஓடியது, நானும் நோட்டோடு ஓடினேன். ஒன்றுமில்லை என்று தெரிந்து எல்லோரும் திரும்பிவந்து, செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்த சாயங்காலம், ஏழெட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“தம்பி, நோட்டுல ஒரு பக்கம் குடுங்க. சீட்டுக் கணக்கு எழுதணும்.”

வாரச் சீட்டு. இருபது பேர், ஆளுக்கு ஐம்பது ரூபாய், வாரம் ஒருத்திக்குக் குலுக்கலில் ஆயிரம். பதினாலு வாரம் முடிந்திருந்தது. சீட்டுப் பிடித்தவளும் இல்லை, அவள் நோட்டும் இல்லை. யார் எடுத்தது, யார் எடுக்காதது, யார் பாக்கி என்று ஞாபகத்திலிருந்து கட்ட வேண்டும். ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் சண்டை வந்தது. ஒருத்தி கார்த்திகையில் எடுத்ததாகச் சொன்னாள், இன்னொருத்தி அது ஐப்பசி என்றாள். தீபாவளிக்கு முந்தின வாரம் நீ போடவே இல்லை என்று ஒருத்தி, என் தலையில் அடித்துச் சொல் என்று மற்றவள். இருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அந்தப் பெயர்களை முதல் நாள் எழுதியதே நான்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வயது, நல்லவன் என்ற நினைப்பு வேறு. “இவ்வளவு நடந்திருக்கு, இப்ப ஐம்பது ரூபாதான் முக்கியமாக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

சண்டை நின்றது. ஐப்பசி என்று சொன்னவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

“நீங்க சாயந்தரம் வண்டி ஏறிடுவீங்க தம்பி. நாங்க நாளைக்கும் இங்கதான இருக்கணும். எழுதுங்க.”

எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறெதையும் எழுதியதில்லை. கார்த்திகைக்கும் ஐப்பசிக்கும் பஞ்சாயத்து முடிய முக்கால் மணி நேரமானது. நடுவில் ஒருத்தி ஏதோ ஒரு பழைய குலுக்கலைச் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நோட்டை விரித்து வைத்தால் இடப்பக்கம் காணாமல் போனவர்கள், வலப்பக்கம் சீட்டு. வலப்பக்கத்தில் ஆறாவதாக எழுதிய பெயர் இடப்பக்கத்திலும் இருந்தது. நான்காவது வாரமே சீட்டு எடுத்தவள். இன்னும் ஆறு வாரம், முந்நூறு ரூபாய் கட்ட வேண்டும். புருஷன் தலையில் கட்டலாமா, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா என்று பேச்சு வந்தது. பேச்சு முடியட்டும் என்று பேனாவை அந்தப் பெயரின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ, அதே ஐப்பசிக்காரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அடிக்காதீங்க தம்பி. அவ இன்னும் கெடைக்கல.”