மாமாவின் தட்டும் மூல ஓலையும்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் உள்ள தாத்தா வீட்டில் அம்மாவின் பங்கைக் கேட்டு நான்கு முறை உட்கார்ந்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் பெரிய மாமா தட்டைத் தூக்கி எறிகிறார். "யாருக்கும் கிடையாது, கொளுத்திடுவேன்" என்கிறார். எல்லோரும் பயந்து எழுந்துவிடுகிறார்கள். ஆனால் தட்டுதான் பறக்கிறது, பக்கத்திலிருக்கும் அவருடைய செல்போன் ஒருநாளும் பறந்ததில்லை. அடுத்த முறை நானும் இப்படி ஆடிப் பார்க்கலாமா?

கே., கடலூர்

அன்புள்ள கே.,

செல்போனைக் கவனித்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது.

உங்கள் மாமாவுக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. 'இந்த ஆள் கோபம் வந்தால் அணுகுண்டையே போடுவான்' என்று வட வியட்நாமின் தலைநகர் ஹனோய் நடுங்க வேண்டும் என்பது, வியட்நாம் போரை முடிக்கப் பார்த்த அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் கணக்கு. அவருடைய உதவியாளர் ஹால்டமன் பின்னாளில் இதை எழுதினார். 1969 அக்டோபரில் அணுகுண்டு ஏற்றிய பி-52 விமானங்களை அலாஸ்கா பக்கம் பறக்கவும் விட்டார்கள், ஹனோய்க்குத் துணை நின்ற மாஸ்கோ பார்க்கட்டும் என்று. பார்த்தார்களோ என்னவோ, இறங்கி வரவில்லை. போரை நிறுத்தும் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரியில்தான்.

சிக்கல் எங்கே என்றால், மிரட்டலோடு ஒரு வாக்கும் சேர்ந்து போக வேண்டும். 'நீ கொடுத்தால் நான் நிறுத்திக்கொள்வேன்' என்கிற வாக்கு. பொருளாதாரத்தில் நோபல் வாங்கிய தாமஸ் ஷெல்லிங் இதை அழுத்திச் சொன்னவர். பைத்தியத்தின் மிரட்டலை நம்பலாம், அதன் வாக்கை எவன் நம்புவான்? நீங்களும் ஆடினால், நாளைக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது உங்கள் பேச்சையும் யாரும் நம்பமாட்டார்கள். அதுவும் மாமன் சீர் கொண்டுவர வேண்டியவரிடம்!

உங்கள் பக்கத்துக் கதையே இருக்கிறது. கல்யாணப் பந்தலில் சிவபெருமான் ஒரு கிழவராக வந்து, கையில் ஓலையோடு, மாப்பிள்ளையான சுந்தரரைத் தன் அடிமை என்கிறார். 'பித்தனோ' என்று கேட்ட சுந்தரர், ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழிந்தது படி ஓலை, வெறும் நகல். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் சபையில் வெளியே வந்தது, அதிலிருந்தது சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்து. வழக்கை ஜெயித்தவர் பித்தர்தான், ஆனால் பித்தால் ஜெயிக்கவில்லை.

உங்கள் தாத்தாவின் மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது? கடிதத்தில் எழுதவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கும் பத்திர நகலுக்கும் மனுப் போடுங்கள். வீடு தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. நகல் கைக்கு வந்த அப்புறம் ஐந்தாவது முறை உட்காருங்கள். மாமாவுக்கு அன்றைக்கு வாழை இலையில் பரிமாறச் சொல்லுங்கள்.