காப்புக்காட்டில் சாலை போடலாமா?

கேள்வி: எங்கள் நகரத்தை ஒட்டிக் காப்புக்காடு இருக்கிறது. அதில் ஒரு பகுதியைச் சாலைக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அரசு நிலம்தானே, மாநில அரசே முடிவெடுத்துவிடலாமா?

பதில்: முடியாது. நிலம் மாநில அரசின் பெயரில் இருந்தாலும், காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். அந்த அனுமதியும் இரண்டு கட்டமாக வரும். முதல் கட்ட ஒப்புதலைக் காட்டி 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் அது உண்மையிலேயே காப்புக்காடுதானா என்று பாருங்கள். தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி பிரிவு 4 'இதைக் காப்புக்காடாக்கப் போகிறோம்' என்ற வெறும் நோக்க அறிவிப்புதான், மக்களின் உரிமைகளையெல்லாம் விசாரித்து முடித்தபிறகு பிரிவு 16இன் கீழ் வரும் அரசிதழ் அறிவிப்புதான் இறுதி, அதில் எல்லைகளும் எழுதியிருக்கும். பிரிவு 4-லேயே நின்றுவிட்ட காடுகளும் உண்டு. சரி, அப்படியானால் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம், நிலம் யாருடையதாக இருந்தாலும், அந்த 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும் என்றது. 2023இல் வந்த திருத்தம் இந்த வரையறையைச் சுருக்கியபோதும், அந்தப் பழைய பொருளையே தொடர்ந்து பின்பற்றும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, எனக்கு அது பெரிய ஆறுதல்.

அரசிதழ் நகலையும் வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். அனுமதி ஆணை வந்துவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான்.